குட்டியானையில் ஏறிய மோட்டார்கள்

கருத்தக்கண்ணனுக்கு மனிதர்களை நம்பிப் பழக்கமில்லை. பால் ஊற்றுகிற ஆள் படியை நிறைக்கிறானா என்று குனிந்து பார்ப்பார். கடைத் தராசில் எண் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே முறைத்துக்கொண்டு நிற்பார். அவரை யாரும் பெரிதாக ஏமாற்றிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஏமாற்ற இடம் கொடுக்கவில்லை, அதனால் தப்பித்தோம் என்பது அவர் நினைப்பு. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். செக்கானூரணிப் பக்கம் இருந்த நிலத்தை விற்று ஆனையூரில் வீடு கட்டி, மனைவி அன்னக்கொடியோடு குடியிருந்தார். மகன் ஓசூரில் வேலை பார்த்தான்.

அந்தத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரும். கருத்தக்கண்ணன் வீடு தெருவின் தலைமாட்டில். தண்ணீர் முதலில் வந்து தொடுகிற வீடுகளில் ஒன்று. குடம் நிறையும், அண்டா நிறையும், தொட்டி நிறையும். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒருநாள் குழாயடியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் உர்ரென்று ஓடுகிற சத்தம் முதல்முறையாகக் காதில் உறைத்தது. அடுத்த தண்ணீர் நாளிலும் கேட்டது.

பக்கத்து வீட்டு ரோகிணி இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போடுகிறவள். அது அவளுடைய கிரைண்டர். தண்ணீர் வராத நாளிலும் அதே நேரத்துக்கு ஓடும். அந்த நாட்களில் கருத்தக்கண்ணன் டீக்கடையில் இருப்பார். அதனால் அவருக்குத் தெரியாது.

"மோட்டார் வச்சு உறிஞ்சுறா" என்றார் அன்னக்கொடியிடம்.

"நம்ம ரோகிணியா? போயி ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேட்டா ஆமான்னு சொல்லுவாளாக்கும். போடி, சோலியப் பாத்துக்கிட்டு."

டவுனுக்குப் போய் ஒரு மோட்டார் வாங்கி வந்தார். தெருக்குழாயில் நேராக மோட்டாரைக் கோத்து இழுப்பது தப்பு. பிடித்தால் இணைப்பை வெட்டிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். ஊரில் எல்லோரும் செய்கிறபோது தான் மட்டும் சட்டம் பேசினால் தொண்டைதான் காயும் என்று வைத்துக்கொண்டார். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மோட்டாரின் மேல் சாக்கைப் போட்டு, அதற்கு மேல் பெரிய பித்தளை அண்டாவைக் கவிழ்த்தார்.

அண்டாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற வீட்டை ரோகிணி அதுவரை பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தாள். மறுமாதம் அவள் வீட்டிலும் ஒரு மோட்டார் வந்தது. ரோகிணிக்கு அடுத்த வீட்டில் தண்ணீர் மெலிந்தது. அங்கும் ஒன்று வந்தது. இப்படியே வீடு வீடாகப் போய்த் தெருவின் கடைசிக்கு முந்தின வீடு வரைக்கும் மோட்டார் ஏறிவிட்டது. யாரும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கும்போது மட்டும், "மேல இருந்து கீழ வரைக்கும் களவாணிப் பயலுக, நாடு எங்கிட்டுப்பா வெளங்கும்?" என்று எல்லோரும் ஒரே குரலில் பேசிக்கொண்டார்கள். அதில் கருத்தக்கண்ணன் குரல்தான் பெரிய குரல்.

கடைசி வீடு சிவபாண்டி, முத்துமீனா தம்பதியின் வீடு. இரண்டு பேருக்கும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை. அவர்களுடைய தாத்தாக்கள் இதே மேற்குச் சீமையில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சொந்தமாக ஒரு காரை வீடு என்று அந்தக் குடும்பத்தில் எழுந்தது இதுதான் முதல். குடிவந்த புதிதில் மாடிக் குழாய் வரைக்கும் தண்ணீர் ஏறியது. இப்போது குழாயைத் திறந்தால் காற்று வந்தது. முத்துமீனா மாசமாக இருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குடத்தோடு அடுத்த தெருவுக்கு நடந்தாள். திருப்பரங்குன்றத்தில் இருந்த அவளுடைய அம்மா ஒரே பிடியாக நின்றாள்: தண்ணீர் இல்லாத வீட்டுக்குப் பச்சைப்பிள்ளையைக் கூட்டிப் போக விடமாட்டேன், வீட்டை விற்றுவிட்டு இங்கே வாருங்கள்.

"நாமளும் ஒரு மோட்டார் வாங்கிருவமா?" என்று முத்துமீனா ஒருநாள் கேட்டாள்.

"நாம உறிஞ்சுனா நமக்குப் பெறகு சாக்கடைதான் இருக்கு. ஜாயிண்டு வழியா அதுதான் குழாய்க்குள்ள வரும்" என்றான் சிவபாண்டி. "அதுவும் போக, பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறோம் நாம?"

அவன் மாநகராட்சியில் மனு எழுதிக் கொடுத்தான். பார்க்க அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்துவதற்குள் தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் மோட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. வந்தவர்கள் குழாயைப் பார்த்தார்கள், மோர் வாங்கிக் குடித்தார்கள், போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் முத்துமீனா வீடு வீடாகப் போனாள். கருத்தக்கண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் சுற்றி வளைக்கவில்லை.

"பெரியவரே, நான் யாரையும் களவாணின்னு சொல்ல வரல. எங்களுக்குத் தண்ணி வந்தா இந்த வீட்ல இருப்போம். வரலேன்னா வித்துட்டுப் போயிருவோம். வார வெள்ளிக்கெழம முனியாண்டி முன்னால எல்லாரும் சூடம் அணைச்சு, மோட்டார் இல்லேன்னு சத்தியம் பண்ணிருங்க. அதுக்குப் பெறகு நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கோளாறு எங்க பைப்புலதான்னு எடுத்துக்கிறேன்."

கருத்தக்கண்ணன் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் எல்லோரையும் போல மாமா என்றோ பெரியப்பா என்றோ கூப்பிடவில்லை, பெரியவரே என்கிறாள் என்பதை ஏனோ அப்போதுதான் கவனித்தார்.

"அதுக்கென்ன, பண்ணிருவோம்" என்றார்.

சட்டத்துக்கு முன்னால் பொய் சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் கூச்சம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனிடம் பொய் சொல்வதும் சுலபம்தான். ஆனால் முனியாண்டி முன்னால் சூடத்தை ஏற்றி, எரிகிற நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு பொய்யைச் சொல்வது என்றால் அது வேறு சங்கதி. கை வெந்து போகும், வம்சம் விளங்காது என்று பயந்து வளர்ந்தவர்கள்.

அன்று சாயங்காலமே ஓய்வுபெற்ற கண்டக்டர் தங்கப்பாண்டி வீட்டு மாடியில் கூடினார்கள். கடைசி வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

"நாமளா தெருக் கடைசியில வந்து வீடு கட்டச் சொன்னோம்?" என்றார் தங்கப்பாண்டி. "அவுக ஆளுகளுக்குக் குடம் தூக்கிப் பழக்கந்தான?"

யாரும் சிரிக்கவில்லை. அப்படிப் பேசாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். சத்தியத்துக்கு என்ன பண்றது?" என்றாள் ரோகிணி. "எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு மாமா. பொய்ச் சத்தியம் நான் பண்ண மாட்டேன்."

கருத்தக்கண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "யாரு பொய் சொல்லச் சொன்னது? 'எங்க வீட்ல மோட்டார் இல்ல', அம்புட்டுத்தான் சொல்லப் போறோம். அந்த நேரத்துக்கு வீட்ல இல்லாமப் பாத்துக்கிட்டாப் போச்சு."

"அப்ப எங்கன வைக்கிறது?"

"நம்ம மருது வண்டி இருக்குல்ல."

மருது அதே தெருக்காரன். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். அவன் தலையைச் சொறிந்தான். "பெருசு, சாமி வண்டிக்குள்ள எட்டிப் பாக்காதா?"

"வண்டி என்ன வீடா? கேட்ட கேள்விக்குத்தான்டா சாமி பதில் பாக்கும்."

மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், கடைசி வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், தெருவில் இருந்த மோட்டார் எல்லாம் சாக்கில் சுற்றிக் குட்டியானையில் ஏறின. அவரவர் மோட்டாரை அவரவரே தூக்கி வைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் உண்மையிலேயே வைக்கிறாரா என்று கடைசி வரைக்கும் நின்று பார்த்தார்கள். கருத்தக்கண்ணன் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு சாக்கையும் அமுக்கிப் பார்த்தார். மருது மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி வண்டியைத் தெருவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான்.

சாயங்காலம் பூசாரி பேயாண்டி சூடத்தை ஏற்றினார். ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். "எங்க வீட்ல மோட்டார் இல்ல" என்று தெளிவாகச் சொல்லி நெருப்பை அடித்து அணைத்தார்கள். மறுபடி ஏற்றுவார், அடுத்த ஆள் வருவார். யாருக்கும் குரல் நடுங்கவில்லை. சொல்வது உண்மை என்ற தைரியம் முகத்தில் தெரிந்தது. கருத்தக்கண்ணன் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் முத்துமீனா கையெடுத்துக் கும்பிட்டாள். முனியாண்டியை அல்ல, தெருக்காரர்களை.

"தப்பா நெனச்சுட்டேன். யாரும் மனசுல வச்சுக்கிறாதீக."

"அட, அதனால என்னம்மா. ஒரே தெருவுல இருக்கோம்" என்றார் தங்கப்பாண்டி பெருந்தன்மையாக.

சத்தியம் முடிந்த கையோடு மோட்டார்கள் வீடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மருதுவுக்கு அந்த நேரத்தில் நாகமலை புதுக்கோட்டைக்கு ஒரு சவாரி வந்தது. சாமானைக் கொஞ்சம் நெருக்கி ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய்க்கு அடியில் மோட்டார்களோடு கிளம்பிவிட்டான். போன இடத்தில் வண்டியின் அச்சு முறிந்து மெக்கானிக் கடையில் படுத்துவிட்டது. தெருவே மாறி மாறி அவனுக்குப் போன் போட்டது.

"ஏன்டா மாப்ள, ஒரு ஆட்டோவுலயாச்சும் ஏத்தி அனுப்புடா" என்றார் தங்கப்பாண்டி.

"எது எவுகளுதுன்னு எனக்குத் தெரியாது மாமா. நாளைக்கு மாறிப்போச்சுன்னு எங்கூடச் சண்டைக்கு வருவீக. பார்ட்ஸ் வரட்டும், வாரேன்."

மறுநாள் காலை தண்ணீர் நாள். தெருவே பயந்துபோய்க் குடங்களோடு உட்கார்ந்திருந்தது. குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. கருத்தக்கண்ணன் வீட்டுத் தொட்டி, மோட்டார் இருந்தபோது நிறைகிற நேரத்துக்குக் கொஞ்சம்தான் பிந்தி நிறைந்தது. நடுத்தெருவில் நிறைந்தது. கடைசி வீட்டில் மாடிக் குழாய் வரைக்கும் ஏறியது.

முத்துமீனா சாமி கண் திறந்துவிட்டது என்று முனியாண்டிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, வீட்டுக்கு வீடு தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். அன்னக்கொடி அதைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு எறங்காது" என்றாள்.

"எனக்கு எறங்கும், கொண்டா" என்று வாங்கிச் சாப்பிட்டார் கருத்தக்கண்ணன். நெய் நன்றாக விட்டிருந்தாள்.

அடுத்த தண்ணீர் நாளில் சுவருக்குப் பின்னால் மறுபடியும் அந்த உர்ர் சத்தம் கேட்டது. கருத்தக்கண்ணனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இவள் மட்டும் ரகசியமாக இன்னொரு மோட்டார் வைத்திருக்கிறாள். செருப்பு கூடப் போடாமல் ரோகிணி வீட்டுக்குள் நுழைந்தார்.

"அடியே, சூடம் அணைச்ச கை இன்னும் ஆறல. அதுக்குள்ள மாட்டிட்டியா?"

ரோகிணி கையில் மாவோடு திரும்பினாள். அவளுக்குப் பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்த மாட்டுனேன்? இங்க வந்து பாருங்க, உளுந்து ஓடுது. கல்யாணமாகி வந்ததுல இருந்து இதே நேரத்துக்குத்தான் ஆட்டுறேன்."

கருத்தக்கண்ணன் கிரைண்டரைப் பார்த்தார். குனிந்து அதன் அடியில் பார்த்தார். அதற்குப் பின்னாலும் பார்த்தார்.

"அப்ப மோட்டார் எப்ப வாங்குன?"

"நீங்க வாங்குனதுக்கு மறுமாசம். உங்களப் பாத்துத்தான் வாங்குனேன். பின்ன, நீங்க பாட்டுக்கு உறிஞ்ச, நான் வாயப் பாத்துக்கிட்டு இருக்கணுமா மாமா?"

அவர் திரும்பி வந்தார். குழாயில் தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து வழிந்ததை அன்னக்கொடி வந்துதான் நிறுத்தினாள்.

"என்னாச்சு, இப்படி உக்காந்திருக்கீக?"

"ஒண்ணுமில்ல. மோட்டார் கரண்டு பில்லு தெண்டம்னு நெனச்சேன்" என்றார்.

குட்டியானை ஒருவழியாகச் சரியாகித் தெருவுக்குள் வந்தபோது பகல் பொழுது, ஞாயிற்றுக்கிழமை. கடைசி வீட்டுக்காரர்கள் திருப்பரங்குன்றம் போயிருந்தார்கள். தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள் ஆட்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள்.

கருத்தக்கண்ணன் முன்னால் வந்து வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டார். "இந்தா, எல்லாரும் கேளுங்க. இம்புட்டு நாளா மோட்டார் இல்லாமத் தண்ணி வந்துச்சா இல்லயா? யாருக்காச்சும் குறைஞ்சுச்சா? இத அப்பிடியே பழைய இரும்புக் கடைக்கு ஓட்டுடா மருது. ஒருத்தரும் எடுக்க வேணாம்."

தங்கப்பாண்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"புதுசு ஒண்ணு வாங்கிட்டீரோ?"

"என்னது?"

"இல்ல, சும்மாவா நீரு விடுவீரு? எங்க மோட்டாரக் கடையில போட்டுட்டு உம்ம வீட்டு அண்டாவுக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோகிணியும் சிரித்தாள். "மாமா அப்பிடிப்பட்ட ஆளு இல்ல" என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. வேறு யாராவது இதே பேச்சைப் பேசியிருந்தால், இதே கேள்வியை முதலில் கேட்டிருக்கப் போகிறவர் கருத்தக்கண்ணன்தான். அது அவருக்கே தெரிந்தது.

"வந்து பாருங்கடா வீட்டை. அண்டாவத் தூக்கிக் காட்டுறேன்."

"இப்ப இருக்காது. சத்தியத்தன்னைக்கு எங்க வீட்லயுந்தான் இல்ல" என்றான் மருது.

மறுபடியும் சிரிப்பு. அவரவர் சாக்கைத் தேடி எடுத்தார்கள். தங்கப்பாண்டியுடையது எது, பக்கத்து வீட்டுக்காரருடையது எது என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. "மாட்டப் போறதில்ல, சும்மா வீட்ல கெடக்கட்டும்" என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே தூக்கிப் போனார்கள். வண்டியில் கடைசியாக ஒரு சாக்கு மிஞ்சியது. கருத்தக்கண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த தண்ணீர் நாளில் அவர் மோட்டாரை மாட்டவில்லை. குழாய்க்கு எதிரே குத்தவைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கட்டையாக வந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் கனத்துக்கு மெலிந்தது. எழுந்து குழாயில் காதை வைத்தார். இரும்புக்குள் தேனீக்கூடு மாதிரி இரைந்தது. யார் முதலில் மாட்டினார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லோரும் அடுத்தவர் மாட்டியிருப்பார் என்று ஒரே நேரத்தில் மாட்டியிருக்கலாம்.

"நான் சொன்னேன்ல? மனுசப் பயலுகள நம்ப முடியாது" என்றார். அதைச் சொன்னபோது அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. சாக்கை அவிழ்த்தார்.

கடைசி வீட்டில் மறுபடியும் காற்று வந்தது. முத்துமீனா யாரையும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள், சொன்னபடி நடந்தாள். எல்லோரும் நெருப்பை அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அப்படியானால் கோளாறு தன் வீட்டுக் குழாயில்தான். ஆள் கூட்டிவந்து வாசலைத் தோண்டினாள். அதில் ஒன்றும் இல்லை என்றதும் கூடத்துத் தரையை உடைத்தார்கள்.

சத்தம் கேட்டுக் கருத்தக்கண்ணன் போய் எட்டிப் பார்த்தார். புதுத் தரைக்கல் எல்லாம் பெயர்ந்து குவிந்து கிடந்தது. சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முத்துமீனா உட்கார்ந்திருந்தாள். சிவபாண்டி குழிக்குள் நின்று குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கனயாச்சும் அடைச்சிருக்கும் பெரியவரே. கண்டுபிடிச்சிருவோம்" என்றாள் அவள்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், காட்டிக்கொடுத்தவன் என்று தெரு முழுக்கத் தன்னைச் சொல்லும். முதலில் வாங்கினது யார் என்ற பேச்சு வரும். "ம், பாருங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்று மதியம் சோறு பாதியில் நின்றது. அன்னக்கொடி காரணம் கேட்கவில்லை.

தரையைக்கூடச் சரியாகப் பூசாமல் வீட்டை விலைக்குப் போட்டார்கள்.

பார்க்க வந்தவர் திருப்பரங்குன்றத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். வீடு பிடித்துப் போயிற்று. காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே முத்துமீனாவோடு தெருவில் நடந்து வந்தார். வாசலில் நின்ற கருத்தக்கண்ணனைப் பார்த்ததும் நின்றார்.

"ஐயா ரொம்ப நாளா இங்கன இருக்கீக போல. கடைசி வீட்டுக்குத் தண்ணி எப்பிடி? நல்லா வருமா?"

கருத்தக்கண்ணன் முத்துமீனாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வராது என்றால் அவளுடைய வீடு விலை போகாது. வரும் என்றால் வந்தவர் ஏமாந்து போவார். இத்தனை வருசத்தில், சொல்லப்போகிற வார்த்தையை இப்படி இரண்டு கையிலும் வைத்து எடை பார்த்ததில்லை அவர்.

"மோட்டார் வச்சா வரும்" என்றார் கடைசியில். "வைக்காட்டி வராது. இந்தத் தெருவுல எல்லாரும் வச்சிருக்கோம். முதல்ல வச்சது நான்தான்."

முத்துமீனா நிமிர்ந்தாள்.

பாத்திரக்கடைக்காரர் பலமாகச் சிரித்தார். "அட, அம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எங்க தெருவுலயும் அதே கதைதான். வந்த அன்னைக்கே ஒண்ணு வாங்கிப் போட்ருவோம். நீங்கல்லாம் எம்புட்டு ஹெச்.பி. போட்ருக்கீக?"

கருத்தக்கண்ணன் வீட்டுக்குள் போகத் திரும்பினார்.

"சொல்லுங்க பெரியவரே" என்றாள் முத்துமீனா. குரலில் கோபம் இல்லை. "வீடு வாங்குறவுக கேக்குறாகள்ல."

"அரை" என்றார்.

"அப்ப நான் ஒண்ணாப் போட்டுக்கிறேன்" என்று பாத்திரக்கடைக்காரர் சொல்லிவிட்டு, முன்பணம் கொடுக்க நல்ல நாள் எது என்று கேட்டார். முத்துமீனா இந்த வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள்.